அருவாள் கடிக்கிற வாய்

கனகராஜின் மேல்வரிசைப் பல் மூன்றாவது தடவையாகப் பழுதாகி, இந்தத் தடவை கழன்றே விழுந்ததற்குக் காரணம் ஆட்டு எலும்பு அல்ல, வறுத்த கச்சாங் கடலை அல்ல. மசித்த உருளைக்கிழங்கு. நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தே தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். ஆகையால் இது கண்ணால் கண்ட செய்தி. கிழங்கை வாயில் வைத்தான். இரண்டு முறை மென்றான். உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம். எட்டுப் பல்லும் ஒரே துண்டாகத் தட்டில் விழுந்து, கிழங்கின் மேல் உட்கார்ந்து, எங்கள் மூன்று பேரையும் பார்த்துச் சிரித்தன.

“அலமாக்!” என்றாள் அவன் மனைவி செல்லம். “மறுபடியுமா?”

“நான் ஒண்ணும் பண்ணல. கெழங்குதான் பண்ணுச்சு.”

“கெழங்கு என்னய்யா பண்ணும்? அண்ணே, கல்லு கில்லு கெடக்கா பாருங்க.”

மசித்த கிழங்கில் கல் தேடுகிற பொறுப்பு எனக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. தேடினேன். வெண்ணெய்தான் இருந்தது. திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மூன்று பேரும் அதைத்தான் நினைத்தோம்.

ஜோகூரில் ரெங்கத்தைத் தாண்டி, தோட்டத்தை ஒட்டியிருக்கும் தாமான் குடியிருப்பில் எனக்கும் கனகராஜுக்கும் அடுத்தடுத்த வீடு. நான் முப்பது வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டினேன். அவன் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை வெட்டினான். முழங்கால் போன பிறகு, குலை வெட்டுகிற வங்காளதேசத்துப் பையன்களின் அரிவாளைத் தீட்டிக் கொடுப்பது அவன் தொழில். வீட்டு வாசலில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு கல், ஒரு பிளாஸ்டிக் முக்காலி. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவான். “இந்த எடத்துல மயிரளவு உசந்திருக்கு” என்பான். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாலும் எனக்குத் தெரியாது. கல்லில் நாலு இழுப்பு இழுத்த பிறகு அந்த அரிவாள் வெயிலையே இரண்டாக வெட்டும். ஒருநாள் வாசலில் வெயில் வெட்டுப்பட்டு, பாதி என் வீட்டுப் பக்கம் விழுந்தது. துணி காயப் போட்டேன்.

இதெல்லாம் வயிற்றுக்கு. ஊருக்கு அவன் வேறு ஆள். தோட்டத்து முனியாண்டி கோயிலில் முப்பத்தோரு வருஷமாகச் சாமி அவன்மேல்தான் இறங்குகிறது. இறங்கியதும் கோயில் அருவாளைக் குறுக்காக வாயில் கவ்வி, இரண்டு கையையும் மேலே தூக்கி, கோயிலை மூன்று சுற்று சுற்றும். அதற்குப் பிறகுதான் வாக்கு. அருவாள் வாயில் ஏறினால்தான் வந்தது முனியாண்டி. ஏறாவிட்டால் அது வெறும் உறுமிக்கு ஆடுகிற ஆட்டம். அதை யாரும் ஆடலாம்.

அவனுக்கு முன்னால் அவன் அப்பாமேல் இறங்கியது. அந்தக் காலத்தில் ஒரு தடவை சாமி அருவாளைக் கவ்விக்கொண்டு ரயில் பாதைவரைக்கும் ஓடிவிட்டது. சிங்கப்பூர் ரயில் நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து தனக்கு எப்போது பதவி உயர்வு என்று வாக்குக் கேட்டு, பதில் வாங்கிக்கொண்டு மறுபடி ஏறிப் போனார். தாமதத்துக்குக் காரணம் சிக்னல் கோளாறு என்று எழுதியிருப்பார்கள்.

இரண்டு கிலோ இரும்பை வருஷா வருஷம் கடித்தால் பல் என்ன ஆகும்? ஒவ்வொன்றாக ஆடி, ஒவ்வொன்றாகப் போனது. முதலில் விழுந்த பல்லை எங்கள் வீட்டுச் சேவல் முழுங்கிவிட்டது. அந்தச் சேவல் அதற்குப் பிறகு உடும்பைக் கண்டு ஒதுங்கவில்லை, உடும்புதான் ஒதுங்கியது. கடைசியில் கனகராஜுக்கு மேலே கடைவாய் மட்டும் மிஞ்சியது. இரண்டு வருஷம் கஞ்சி, ரசம் சோறு, மசித்த கிழங்கு. திருவிழாவில் அருவாளை ஈறால் கவ்வினான். ரத்தம் வழிந்ததைப் பார்த்து ஊர் கும்பிட்டது. அவன் மகள் லோஷினி மட்டும் கும்பிடவில்லை. மறுநாளே அவனைக் குளுவாங்கில் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

லோஷினி ஜோகூர் பாருவில் பல் செய்கிற லேபில் வேலை செய்கிறாள். அவளிடம் வருவது ஆள் அல்ல, ஆளுடைய தாடையின் சுண்ணாம்பு அச்சு. அதனால் ஜோகூரில் பாதிப் பேரை அவளுக்குப் பல்லால் தெரியும், முகத்தால் தெரியாது. பாசார் சந்தையில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் சட்டென்று நலம் விசாரிப்பாள்.

டாக்டர் விஜயேந்திரன் கனகராஜின் மேல்தாடை எலும்பில் நாலு டைட்டானியம் ஆணி இறக்கினார். எலும்பு அந்த ஆணிகளைச் சொந்தமாக்கிக்கொள்ள ஆறு மாதம் காத்திருந்தார்கள். அதற்குள் லோஷினி பல்லைச் செய்தாள். பகலில் ஊராருடைய பல், வேலை முடிந்த பிறகு அப்பாவுடைய பல். எலும்பைப் போல ஒரு வெள்ளைக் கட்டியைக் கடைந்து, அதன் மேல் பீங்கான் மாவைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்து, சூளையில் வேகவைத்து, மறுபடி வைத்து, மறுபடி வேகவைத்து, நாற்பது நாள். மாதிரிக்கு அப்பா அம்மாவின் கல்யாணப் போட்டோவை மேசைமேல் ஒட்டி வைத்திருந்தாள். போட்டோவில் கனகராஜின் முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஓர் அரிசி போகிற இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியையும் செய்தாள்.

பல் வைத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்து சிரித்த அன்றைக்குச் செல்லம் அடுப்பை அணைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி நேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

“என்னம்மா?” என்றாள் லோஷினி.

“ஒண்ணுமில்ல. பொண்ணு பாக்க வந்த ஆளு மாதிரி நிக்கிறாரு.”

அது போன தீபாவளிக்கு முந்தின வாரம். அதற்கப்புறம்தான் குழப்பம். முதல் மாதம் ஸ்குரூ தளர்ந்தது. டாக்டரிடம் ஒரு முறுக்குச் சாவி இருக்கிறது; சரியான அளவு வந்ததும் ‘டக்’ என்று தானே விட்டுவிடும். அதைக் கொண்டு முறுக்கினார். மூன்றாம் மாதம் இடது பக்கத்தில் வெள்ளை மேல்பூச்சு ஒரு சில்லுப் பெயர்ந்தது. லோஷினி கழற்றிக்கொண்டு போய் மறுபடி சூளையில் வைத்தாள். இப்போது மொத்தமும் விழுந்துவிட்டது.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். டாக்டர் ஸ்குரூ என்றார். லோஷினி பசை என்றாள். செல்லம், தீபாவளிக்கு வந்து “என்னா அழகுப் பல்லு” என்று சொன்ன ஏழு பேருடைய பெயரையும் சொன்னாள். செல்லத்தின் தம்பி மணியம் கோயிலில் உறுமி அடிப்பவன். அவன் சொன்னதுதான் ஊரில் பரவியது.

“மச்சான் வாய்க்குள்ள ஸ்குரூவ வச்சிருக்காரு. ஸ்குரூ வச்ச வாயில சாமி ஏறுமா? அதான் தள்ளி வுடுது.”

எனக்கும் ஒரு காரணம் தோன்றியது. புது ரயில் ரொம்ப வேகமாகப் போகிறது, தரை அதிர்கிறது. யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் பல்லை ஒரு பட்டர் டப்பாவில் போட்டுக்கொண்டு என் வேனில் குளுவாங் போனோம். கனகராஜ் முன் இருக்கையில். வழியில் வாங்கிய ரொட்டிச் சானாயைக் கிள்ளிக் கிள்ளி, கறிக்குழம்பில் ஊறவைத்து, வலது கன்னத்தில் ஒதுக்கினான். லோஷினி ஜோகூர் பாருவிலிருந்து நேரே கிளினிக்குக்கு வந்து நின்றிருந்தாள்.

டாக்டர் விஜயேந்திரன் சிலோன்காரக் குடும்பம். மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம். சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலையாது. பல் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் அடியில் நாலு சின்னக் குழல் இருக்க வேண்டும். ஆணியின் தலையில் உட்காருகிற உலோகக் குழல். பல்லை அந்தக் குழல்களோடு ஒட்டுவதுதான் லோஷினியின் பசை.

“குழல் நாலும் வாய்க்குள்ள ஸ்குரூவோட பத்திரமா இருக்கு. பல்லு மட்டும் கழண்டு வந்திருக்கு,” என்றார். “முதல்ல இடது பக்கம் விட்டிருக்கு. பிறகு பாரம் மற்ற மூண்டுக்கும் போய், அதுகளும் விட்டிருக்கு. என்ன கடிச்சனீங்கள்?”

“கெழங்கு டாக்டர்.”

“கிழங்கு கடைசி அடி. அதுக்கு முந்தி ஆயிரம் அடி விழுந்திருக்கோணும். வேற என்ன கடிச்சனீங்கள்? மறைக்காமச் சொல்லுங்கோ.”

“எம் பசைதான் டாக்டர்,” என்று லோஷினி குறுக்கே விழுந்தாள். “ஒட்டுறது ஒரு நிமிசம். ஒட்டுற எடத்தத் தயார் பண்றதுதான் வேல. மணல் அடிச்சு, சொரசொரப்பாக்கி, கழுவி, மருந்து தடவி... நடுவுல மூச்சுக் காத்து பட்டாக்கூட அந்த எடம் வீணு. நான் அன்னிக்கு எங்கயோ மூச்சு வுட்டுட்டேன்.”

“மூச்சு வுடாம எப்படிம்மா?” என்றேன்.

“பெரியப்பா, நீங்க சும்மா இருங்க லா.”

அப்போதுதான் கனகராஜ் திருவிழாவைப் பற்றிச் சொன்னான். டாக்டர் முதலில் அது ஏதோ பிளாஸ்டிக் அருவாள் என்று நினைத்திருக்க வேண்டும். நான் கையால் நீளம் காட்டினேன். உள்ளதைவிடக் கொஞ்சம் கூடத்தான் காட்டினேன்.

“இதை முன்பல்லால கடிக்கப் போறீங்களோ?”

“நான் கடிக்கல டாக்டர்.”

“பின்ன ஆர்?”

“சாமி.”

டாக்டர் கையுறையைக் கழற்றினார். பிறகு எதற்குக் கழற்றினோம் என்று தெரியாமல் வேறொரு கையுறையைப் போட்டார்.

“நான் உங்களுக்கு ஒரு தாள் தந்தனான். முழு ஆப்பிள் கடிக்கக்கூடாது, கரும்பு கடிக்கக்கூடாது எண்டு.”

“அது எனக்குக் குடுத்தது டாக்டர். நான் கடிக்கல.”

“சாமிக்கு ஆர் சொல்லுறது?”

“அதுக்கு நாம சொல்ல முடியாதே.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கடைவாய்ப் பல் படத்தைப் பார்த்தேன்.

“ஐயா, கவனமாக் கேளுங்கோ,” என்று அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சோறு மென்றா பாரம் நேரா இறங்கும். அருவாள் அப்பிடி இல்லை. ஒரு பக்கம் பிடி, மற்றப் பக்கம் இரும்பு. நடக்கைக்க ஆடும். ஆட ஆட ஆணியை நெம்பும். சொந்தப் பல்லுக்கு வேரைச் சுத்தி ஒரு மெத்தை இருக்கு. கொஞ்சம் விட்டுக் குடுக்கும், கூடினா வலிச்சுச் சொல்லும். ஆணிக்கு மெத்தை இல்லை. எலும்போட ஒட்டி நிக்குது. விட்டுக் குடுக்காது, வாய் திறந்து சொல்லவும் சொல்லாது. ஒருநாள் எலும்போட வந்திடும். உங்கட எலும்பு மெல்லிசு. இன்னொருக்கா ஆணி வைக்க அங்க இடமில்லை.”

“வைக்கலன்னா?”

“பிறகு சீவியத்துக்கும் கஞ்சிதான்.”

டாக்டர் வாய்க்குள் இருந்த குழல்களைக் கழற்றிக் கொடுத்தார். லோஷினி அவற்றையும் பல்லையும் உள்ளே கொண்டுபோய் மணல் அடித்து, மருந்து தடவி, கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு ஒட்டினாள். அவள் மூச்சு விடாமல் இருந்த நேரத்தை நான் கடிகாரத்தில் பார்த்தேன். பதினொரு நிமிஷம். டாக்டர் பல்லை ஏற்றி முறுக்கினார். ‘டக்.’ பத்து நிமிஷம் கழித்து இன்னொரு ‘டக்.’ பிறகு ஒரு நீலத் தாளைப் பல் நடுவில் வைத்தார். கடித்தால் எந்த இடம் முதலில் இடிக்கிறதோ அந்த இடத்தில் நீல மை ஒட்டும்.

“தட்டுங்கோ. தட்டுங்கோ. எங்கயாவது உயரமா இருக்கோ?”

கனகராஜ் பூவைக் கடிப்பதுபோலக் கடித்தான். கண் ஒருமுறை மகள் பக்கம் போய் வந்தது. அவள் தட்டை ஏந்திக்கொண்டு நின்றிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

“இல்ல டாக்டர். சரியா இருக்கு. எம் புள்ள செஞ்சதாச்சே.”

நீலம் எல்லாப் பல்லிலும் சமமாக, மெல்லிசாக விழுந்திருந்தது. டாக்டர் தலையைச் சொறிந்தார். “எல்லாம் சரியா இருக்கு. பிறகு ஏன் உடையுது?”

எனக்கும் விளங்கவில்லை. ரயில் விஷயத்தை இன்னொரு தடவை சொன்னேன்.

அடுத்த இரண்டு வாரமும் அந்த வீட்டில் பேச்சே வேறு இல்லை. கனகராஜுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. மீன் இறைச்சி கிடையாது, தனிப் பாய், தனித் தட்டு. செல்லம் பருப்பையும் கீரையையும் கடைந்து கடைந்து அவள் கை மத்தாகிவிட்டது. ரெங்கத்து மழை தினமும் மூன்று மணிக்கு வந்தது. மழைக்குள் உட்கார்ந்து சண்டை போட்டார்கள்.

“இந்த வருசம் வேணாம்னு சொல்லிருங்கய்யா.”

“யாருகிட்டடி சொல்றது?”

“கோயில் தலைவருகிட்ட.”

“அவரா எறங்குறாரு?”

“அப்பா, ஒங்க வாயிப்பா அது!” என்றாள் வார விடுமுறைக்கு வந்திருந்த லோஷினி. “கடிக்கிறது யாரா இருந்தா என்னா? எலும்பு ஒங்களுது.”

“முப்பத்தோரு வருசம் எங்கிட்ட கேட்டுக்கிட்டா எறங்குச்சு? பல்லு போவுதுன்னு நான் சாமிய வரவேணாம்னு சொன்னா, அப்புறம் நான் யாரு தாயி? அரிவாள் தீட்டுறவன். அவ்ளதான்.”

மணியம் நனைந்துகொண்டே வந்து வாசலில் நின்றான். “மச்சான், ஒங்களுக்கு அந்தக் கவலையே வேணாம். சாமியே வராது. நான் சொல்றன் பாருங்க. உறுமிய நான் எவ்ளோ அடிச்சாலும் ஸ்குரூ மேல எறங்காது.”

“ஒன் வாயிலதான்டா மொதல்ல ஸ்குரூ வைக்கணும்,” என்றாள் அக்காக்காரி.

மறுநாள் லோஷினி என்னைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். சிங்கப்பூருக்குப் பெட்டி தூக்குகிறவர்கள் வைத்திருக்கிற கொக்கித் தராசு ஒன்று அவள் பையில் இருந்தது. பூசாரி சாப்பிடப் போன நேரம் பார்த்து, அருவாளை இறக்கித் தொங்கவிட்டு நிறுத்தாள். ஒரு கிலோ தொள்ளாயிரம். பிறகு விரல்மேல் வைத்து, எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறது என்று பார்த்து, அங்கே திருநீற்றைக் குழைத்து ஒரு கோடு போட்டாள்.

“இந்த எடத்துல கடிச்சா ரெண்டு பக்கமும் சமமா இருக்கும் பெரியப்பா. ரொம்ப ஆடாது.”

“சாமிக்குக் கோடு தெரியுமா?”

அவள் திருநீற்றுக் கையைத் துடைத்துக்கொண்டாள். அருவாளைத் திரும்ப மாட்டிவிட்டு, முனியாண்டி சிலையின் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். சிலைக்கு எல்லாப் பல்லும் இருந்தது. “கடவாய் செட்டிங் தப்பு,” என்று மெதுவாகச் சொன்னாள்.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மணிக்குப் படையல். வானம் அப்போதே கறுத்துவிட்டது. சிங்கப்பூரிலிருந்தும் பாசிர் கூடாங்கிலிருந்தும் வந்த கார்கள் செம்பனை நடுவில் சேற்றில் நின்றன. டாக்டர் விஜயேந்திரனும் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, தேய்த்த கால்சட்டை. சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அவர்கள் குடும்பம் பிள்ளையார் கோயில்; அங்கே சாமி உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்ததில்லை.

“சும்மா பார்க்க வந்தனான்,” என்றார். அவர் சட்டைப் பையில் நீலத் தாள் உறை நீட்டிக்கொண்டிருந்தது.

மணியம் உறுமியைத் தொட்டான். அந்தச் சத்தம் காதுக்குள் போகாது, நேரே வயிற்றுக்குள் போகும். கனகராஜ் மஞ்சள் வேட்டியோடு கண்ணை மூடி நின்றான். பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. கால்மணி ஆயிற்று. மணியம் அக்காவைப் பார்த்து ‘சொன்னேனே’ என்கிற மாதிரி புருவத்தை உயர்த்தினான். புருவம் கீழே வருவதற்குள் கனகராஜின் முதுகு விறைத்தது. ஓர் உறுமல். அது மணியத்தின் உறுமி இல்லை.

செல்லம் லோஷினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பூசாரி அருவாளை நீட்டினார். சாமி வாங்கியது. திருநீற்றுக் கோட்டை ஒரு பார்வை பார்த்தது. பார்த்ததா, என் கண்தான் பார்க்க ஆசைப்பட்டதா, சொல்ல முடியவில்லை. அருவாளை வாய்க்குக் குறுக்காகக் கொண்டுபோய்க் கவ்வியது. கூட்டம் குலவையிட்டது. லோஷினி கண்ணை மூடிக்கொண்டாள்.

சாமி ஓர் அடி வைத்தது. நின்றது. அருவாளை வாயிலிருந்து எடுத்தது. நாக்கை உள்ளே சுழற்றியது.

உறுமி நின்றுவிட்டது.

“யாருடா இந்தப் பல்லச் செஞ்சது?”

முப்பத்தோரு வருஷத்தில் சாமி மழை வருமா, பிள்ளை பிறக்குமா, மருமகன் திருந்துவானா என்பதைப் பற்றித்தான் பேசியிருக்கிறது. டாக்டர் சப்பாத்தோடு ஓர் அடி பின்வாங்கினார்.

“நாந்தான்,” என்றாள் லோஷினி.

“வா இங்க.”

போனாள். நடக்கவில்லை, கால் தானாகக் கொண்டுபோனது என்று பிறகு சொன்னாள்.

“நல்லாத்தான் செஞ்சிருக்க. நடுவுல சந்து வச்சிருக்க பாரு, அது எனக்குப் புடிச்சிருக்கு.” சாமி இடது கன்னத்தில் விரலை வைத்தது. “இந்தப் பக்கம் உசரம்.”

“என்ன சாமி?”

“எடது பக்கம் உசரம்ங்கறேன்! நாலு மாசமா இவன் வலது பக்கமே மெல்லுறான். கீழ்ப்பல்லு நோவுது. ராத்திரியில தண்ணிய வாயில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். நாப்பது நாளு கண்ணு முழிச்சுப் புள்ள செஞ்சது, கொற சொன்னா அது மனசு நோவும்னு வாய மூடிக்கிட்டுத் திரியிறான், மடையன். நான் எதுக்குடா மூடணும்?”

லோஷினி திரும்பி டாக்டரைப் பார்த்தாள். முகத்தில் அழுகையும் வேலையும் ஒன்றாக வந்துவிட்டன. கையை நீட்டினாள். டாக்டர் சப்பாத்தைச் சேற்றில் போட்டுவிட்டு, பையிலிருந்த உறையைக் கிழித்து நீலத் தாளைக் கொடுத்தார்.

“வாயத் தொறங்க சாமி.”

சாமி திறந்தது.

“தட்டுங்க. இன்னும் நல்லா. டக், டக், டக்.”

முனியாண்டி மூன்று முறை தட்டியது. அந்தச் சத்தம் கடைசி வரிசைக் கார்வரைக்கும் கேட்டது. டாக்டர் கைபேசி விளக்கை அடித்து எட்டிப் பார்த்தார்.

“முருகா!” என்றார். இடது பக்கம் கடைசிப் பல்லில் மட்டும் நீலம் திட்டாக, நாவற்பழம் நசுங்கியதுபோல ஒட்டியிருந்தது. மற்ற ஏழிலும் ஒரு புள்ளி இல்லை. “என்னட்ட வரைக்க இந்த ஆள் தாடையை வலது பக்கம் தள்ளிக் கடிச்சிருக்கிறார், அம்மா. அதான் சமமா விழுந்தது. நித்திரையில தள்ள ஏலாதே! அப்ப முழுப் பாரமும் இந்த ஒரு பல்லில. ஸ்குரூ தளர்ந்தது, சில்லுப் போனது, பசை விட்டது, மூண்டும் இதாலதான். உம்மட பசையில ஒரு பிழையும் இல்லை.”

“நீ யாருடா?” என்றது சாமி.

“நான்... பல் டாக்டர்.”

“ஆணி நல்லா நிக்குது.”

“சந்தோஷம்,” என்றார் டாக்டர். கை தானாகக் கும்பிட்டது.

சாமி நீல உதட்டைத் துடைத்துக்கொண்டது. அருவாளைத் தோளில் சாத்தியது. “உசரத்தக் கொற. அடுத்த வருசம் கடிக்கிறேன்.” மூன்று சுற்றும் சுற்றியது. மூன்றாவது சுற்றில் மழை கொட்டியது.

அன்றைக்கு அருவாள் வாயில் ஏறியதா இல்லையா என்று கோயில் கமிட்டி இன்னும் முடிவு செய்யவில்லை. ஏறியது, ஆனால் இறங்கிவிட்டது என்று ஒரு கட்சி. ஒரு விநாடி ஏறினாலும் ஏறியதுதான் என்று ஒரு கட்சி. மணியம் மட்டும் எந்தக் கட்சியிலும் சேராமல், உறுமியைத் துணியில் சுற்றிக்கொண்டு, “ஸ்குரூ வச்ச வாயில வந்து ஸ்குரூவப் பத்தியே பேசுதே!” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

தெளிந்ததும் கனகராஜ் பந்தலுக்குள் உட்கார்ந்து இளநீர் குடித்தான்.

“அண்ணே, என்ன வாக்கு சொல்லுச்சு?”

“ஒனக்கு ஒண்ணும் தெரியாதா?”

“எனக்கு எப்படிண்ணே தெரியும்?” முகத்தில் ஒரு சுருக்கமில்லை. உதட்டில் நீலம் இருந்தது. நானும் எத்தனையோ பொய்யை இதே முகத்தோடு சொல்லியிருக்கிறேன். அதனாலேயே எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

செல்லம் மழைச் சத்தத்துக்கு மேலே, “நாலு மாசம்! நாலு மாசமா நான் கடஞ்சு கடஞ்சு குடுத்தனே!” என்று கத்தினாள். அவனைத் திட்டுகிறாளா, சாமியைத் திட்டுகிறாளா என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. பாதியில் நிறுத்திக் கும்பிட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் டாக்டர் அந்த இடத்தை மிசினால் தேய்த்தார். ஒரு தாளின் கனம்கூட இருக்காது. லோஷினி தேய்த்த இடத்தை மழமழவென்று மெருகேற்றினாள். மறுபடி நீலத் தாள். கனகராஜ் பூவைக் கடிப்பதுபோலக் கடித்தான்.

“இப்ப உயரமா இருக்கோ?”

“இல்ல டாக்டர். சரியா இருக்கு.”

இதே சொல், இதே குரல், இதே முகம். டாக்டர் லோஷினியைப் பார்த்தார். லோஷினி என்னைப் பார்த்தாள். நான் கடைவாய்ப் பல் படத்தைப் பார்த்தேன். அடுத்த திருவிழாவுக்குப் பதினோரு மாதமும் இருபத்தெட்டு நாளும் இருந்தது.

லோஷினி தட்டைக் கீழே வைத்தாள்.

“பெரியப்பா, மணியம் மாமாவுக்குப் போன் போடுங்க. உறுமிய எடுத்துக்கிட்டு இப்பவே இங்க வரச் சொல்லுங்க.”

நான் போனை எடுத்தேன். சும்மா எடுக்கவில்லை, நம்பரும் போட்டேன்.

“வேணாம்ணே!” கனகராஜ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். டாக்டர் விளக்கு முகத்தில் அடித்தது. மகளைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், மறுபடி மகளைப் பார்த்தான். அரிவாளைத் தடவுகிறபோது மூடுவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டான்.

“மயிரளவு இருக்கு தாயி.”

“எங்கப்பா?”

வாயை அகலத் திறந்து, நாக்கு நுனியால் தொட்டுக் காட்டினான்.